கடுகு நிறுத்திய தீ

கடுகின் அம்மாவுக்குக் காட்டுக்குத் தீ வைக்கிற வேலை.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மாதச் சம்பளம், மஞ்சள் சட்டை, அடையாள அட்டை எல்லாம் கொடுத்து அரசாங்கமே வைத்திருக்கிற வேலை. நான்காம் வகுப்பில் சேர்ந்தபோது கொடுத்த படிவத்தில் ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில் கடுகு அப்படியே எழுதிவிட்டாள். வகுப்பு டீச்சர் அதைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார்.

“தீ அணைக்கிற வேலைன்னு எழுத வந்தியாம்மா?”

“இல்ல டீச்சர், வைக்கிற வேலைதான். அணைக்கவும் செய்வாங்க. ஆனா முதல்ல வைப்பாங்க.”

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. கடுகு கொஞ்சமும் அசரவில்லை. எழுந்து நின்று விளக்கமாகச் சொன்னாள்.

ஒவ்வொரு வருடமும் காட்டில் சருகு உதிர்கிறது. புல் காய்கிறது. சுள்ளி விழுகிறது. யாரும் பெருக்குவதில்லை. பத்து வருடம் சேர்ந்தால் முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும். கோடையில் அதில் ஒரு பொறி விழுந்தால் போதும், மரத்தின் உச்சி வரை தீ ஏறிவிடும். அப்புறம் அதை நிறுத்த யாராலும் முடியாது. அதனால் அம்மாவின் அணி குளிர்காலத்திலேயே தோதான ஒரு நாள் பார்த்து, அந்தச் சருகை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துவிடும். மரங்களுக்கு ஒன்றும் ஆகாது. கோடையில் பெரிய தீ வந்தால் அதற்குத் தின்ன ஒன்றும் இருக்காது.

“அழையாத விருந்தாளி வர்றதுக்கு முன்னாடியே அடுப்படியைக் காலி பண்ணி வச்சிடறோம். வந்து பாத்துட்டு அதுவே போயிடும்” என்று அம்மா சொல்வார். அதையும் கடுகு வகுப்பில் சொன்னாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. போன கோடையில் தீ பாலம் வரைக்கும் வந்ததையும், ஒன்பது நாள் பள்ளிக்கூடம் மூடியிருந்ததையும், வாசலில் மூட்டை கட்டி வைத்துக்கொண்டு தூங்கியதையும் யாரும் மறந்திருக்கவில்லை.

கடுகு என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. வகுப்பிலேயே உயரம் குறைந்தவள் என்பதால் வந்த பெயர். “கடுகு சிறுத்தாலும் காரம் போகாது” என்று இதுவரை முந்நூறு பேராவது அவளிடம் சொல்லியிருப்பார்கள். ஒவ்வொருவரும் அதைத் தாங்களே இப்போதுதான் கண்டுபிடித்ததுபோலச் சொல்வார்கள். கடுகும் பாவம், முதல்முறை கேட்பதுபோலச் சிரித்து வைப்பாள்.

அவள் பக்கத்தில் உட்காரும் பையனுக்குப் பெயர் விசில். இரண்டு மாதத்துக்கு முன்புதான் வகுப்பில் சேர்ந்தான். அவனுக்கு மூச்சுத் தொல்லை உண்டு. வேகமாக நடந்தாலோ தூசி பட்டாலோ நெஞ்சுக்குள்ளிருந்து ‘உய்ய்’ என்று சத்தம் வரும். சட்டைப்பையில் எப்போதும் நீல நிற இன்ஹேலர் இருக்கும்.

“உனக்கு யார் விசில்னு பேர் வச்சா?” என்று முதல் நாளே கேட்டாள் கடுகு.

“நானேதான். எப்படியும் யாராவது வைக்கத்தான் போறாங்க. அதான் நல்ல பேரா பாத்து நானே வச்சுக்கிட்டேன்.”

அந்த நிமிடமே கடுகுக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது.

ஒரு நாள் விசில் இன்ஹேலரை மேசையிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டான். கடுகு அதை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் ஓடினாள். அவன் கடைத்தெருவைத் தாண்டினான், பாலத்தைத் தாண்டினான், ஆற்றங்கரையோரமாக யாருமே போகாத சாலையில் நடந்தான். அங்கே பழைய ஐஸ் ஃபேக்டரி ஒன்று இருந்தது. மூடிப் பல வருடம் ஆகிறது. முன்கதவில் துருப்பிடித்த பூட்டு. விசில் பின்பக்கம் போய், சுவரிலிருந்த சின்ன இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

“விசில்!”

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். முகம் வெளுத்துப்போயிற்று.

“இங்கயா இருக்கீங்க?” என்று கேட்டுக்கொண்டே இன்ஹேலரை நீட்டினாள் கடுகு.

“அப்பா இங்க ராத்திரி வாட்ச்மேன். தனி ஆளா இருந்தாத்தான் வேலைன்னு முதலாளி சொல்லியிருக்காரு. நானும் அம்மாவும் இங்க இருக்கறது தெரிஞ்சா வேலை போயிடும். யார்கிட்டயும் சொல்லாதே. சத்தியம் பண்ணு.”

“சத்தியம்” என்றாள் கடுகு. அவன் கையில் அடித்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அம்மாவிடம்கூட.

இந்தக் குளிர்காலத்தில் பாலத்துக்கு அப்பால் இருக்கும் காட்டை எரிக்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. போன கோடையில் ஊரை மிரட்டிய அதே பக்கம். எல்லாம் தயார். சுற்றிலும் சருகைச் சுரண்டி எடுத்து, வெறும் மண்ணாகத் தீத்தடுப்புக் கோடு போட்டாகிவிட்டது. தண்ணீர் லாரி நிரம்பி நின்றது. நாள்தான் அமையவில்லை. ஒரு நாள் காற்று அதிகம். ஒரு நாள் காற்றே இல்லை. ஒரு நாள் சருகு ஈரம். மூன்று வாரமாக அம்மா விடியற்காலையில் எழுந்து, உள்ளங்கை அளவு கருவி ஒன்றைத் தூக்கிப் பிடித்துக் காற்றை அளப்பார். உதட்டைப் பிதுக்குவார். “இன்னைக்கு இல்ல” என்பார்.

“என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு நாள் பாக்கல” என்று அலுத்துக்கொண்டார் மீசை மாமா. அவர் அணியில் அம்மாவுக்கு அடுத்தபடி. மீசை அவருக்கு முன்னால் வரும், அவர் பின்னால் வருவார்.

கடைசியில் அந்தச் சனிக்கிழமை வந்தது. காற்றும் ஈரமும் எல்லாம் அளவாக இருந்தன. அம்மாவின் முகத்தில் சிரிப்பு வந்தது.

“இதை விட்டா நாளையிலிருந்து சூடான காத்து ஆரம்பிச்சிடும். அப்புறம் அடுத்த குளிர்காலம்தான்” என்றார் அம்மா.

அணி கூடும் இடம் வன அலுவலகத்தின் முற்றம். கடுகின் வீடு அதற்கு அடுத்த கட்டடம்தான். தீ வைக்கும் இடத்துக்கு அவளைக் கூட்டிப்போக மாட்டார்கள். முற்றத்தில் நின்று வேடிக்கை பார்க்கத் தடை இல்லை. ஒன்பது மணிக்கு அவள் தண்ணீர் லாரியின் படிக்கட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

மஞ்சள் சட்டைக்காரர்கள் பதினெட்டுப் பேர் வட்டமாக நின்றார்கள். ஜீப்பின் மூக்கின்மேல் அம்மா பெரிய வரைபடத்தை விரித்தார். அதில் ஒவ்வொரு வீடும் ஒரு கட்டம். செய்தி சொல்லியாகிவிட்ட வீடு பச்சை. மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் இருக்கும் வீடு சிவப்பு. காற்று மாறினாலும் இருக்கட்டும் என்று அவர்களை எல்லாம் காலையிலேயே ஊர் நூலகத்துக்கு அழைத்துப் போயாகிவிட்டது. அங்கே ஜன்னல்களை மூடி, காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். ஆள் இல்லாத கட்டடம் சாம்பல் நிறம்.

“காத்து ஊர்ப் பக்கம் திரும்பாம ஆத்தோரமா அடிக்குது” என்றார் அம்மா. விரலால் வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தார். “புகை இப்படிப் போகும். பாலம், ஆத்தங்கரைச் சாலை, பழைய ஃபேக்டரி எல்லாம் தாண்டி அப்படியே போயிடும். அந்தப் பக்கம் யாரும் இல்ல. ஊருக்குள்ள ஒரு துளி புகை வராது. அதுக்காகத்தான் மூணு வாரம் காத்திருந்தோம்.”

கடுகு எட்டிப் பார்த்தாள். அம்மாவின் விரல் போன வழியில் வரிசையாகச் சாம்பல் நிறக் கட்டங்கள். நடுவில் நீளமாக ஒன்று. அது ஐஸ் ஃபேக்டரி.

விசில் இருக்கும் இடம்.

ஊர்த் தெருக்களில் மூன்று நாளாக ஒலிபெருக்கி வைத்து அறிவித்தார்கள். ஆள் இல்லாத சாலையில் யார் போய் அறிவிப்பார்கள்? விசிலின் அம்மா காலையிலேயே தையல் கம்பெனிக்குப் போய்விடுவார். இரவெல்லாம் கண்விழித்த அப்பா இப்போது அடித்துப்போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருப்பார். விசில் உள்ளே இருப்பான். கொசுவத்திப் புகைக்கே இரண்டு நாள் படுத்துவிடுகிறவன்.

சொல்லிவிடலாம். ஆனால் சத்தியம் செய்திருக்கிறாள். சொன்னால் அவன் அப்பாவுக்கு வேலை போய்விடும். சொல்லாவிட்டால்? அதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

இதற்குள் அம்மா கடைசிக் கேள்விக்கு வந்துவிட்டார். தீ வைப்பதற்கு முன் எப்போதும் கேட்கும் கேள்வி. வட்டத்தில் நிற்கும் ஒவ்வொருவரையும் கண்ணுக்கு நேரே பார்த்துக் கேட்பார். ஒவ்வொருவரும் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. ஒரே ஒருவர் ‘இல்லை’ என்றாலும் தீ கிடையாது. காரணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் நிறுத்திவிட வேண்டும். போன வருடம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் ‘இல்லை’ என்றார். பார்த்தால் அவருடைய பூட்ஸின் அடிப்பாகம் பிய்ந்திருந்தது. வேறு பூட்ஸ் வரும்வரை பதினேழு பேரும் காத்திருந்தார்கள். யாரும் அவரைக் கேலி செய்யவில்லை.

“சரியா?”

“சரி.”

“சரியா?”

“சரிக்கா.”

வட்டம் சுற்றி வந்தது. மீசை மாமா “சரி” என்றார். லாரி ஓட்டும் அண்ணன்தான் கடைசி. அவரும் “டபுள் சரி அக்கா” என்றார்.

அம்மா வரைபடத்தை மடிக்கக் கை வைத்தார்.

“இல்லை” என்றது ஒரு குரல்.

பதினெட்டுத் தலைகள் திரும்பின. கடுகுக்கே தன் குரலா என்று சந்தேகமாக இருந்தது. படிக்கட்டிலிருந்து இறங்கி நின்றாள்.

“என்ன பாப்பா, விளையாட்டா?” என்றார் மீசை மாமா.

“விளையாட்டு இல்ல மாமா. இல்லைன்னா இல்லைதான்.”

“அக்கா, மணி ஒன்பதே கால்” என்று அம்மாவிடம் திரும்பினார் அவர். “பதினொண்ணுக்குள்ள ஆரம்பிக்கலைன்னா மதியம் காத்து திரும்பிடும். அவ அணியிலயே இல்லையே.”

அம்மா கடுகின் முன்னால் வந்து குந்தி உட்கார்ந்தார். மூன்று வாரமாக விடியற்காலையில் எழுந்ததால் அவர் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“யாருக்காவது ஆபத்தா?”

“ஆமா.”

“யாருக்கு?”

“சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்மா.”

அம்மா அவளையே பார்த்தார். கடுகும் கண்ணை எடுக்கவில்லை.

“நீயே போய்ச் சரி பண்ண முடியுமா?”

“முடியும். ஒரு மணி நேரம் கொடு. ஒரு ஜீப்பும் வேணும்.”

அம்மா எழுந்தார். “நிறுத்தியாச்சு. எல்லாரும் உக்காருங்க” என்றார் அணியிடம். பதினெட்டுப் பேரும் முணுமுணுப்பு இல்லாமல் தலைக்கவசத்தைக் கழற்றினார்கள். மீசை மாமாவும் கழற்றினார். மீசை மட்டும் கொஞ்சம் முணுமுணுத்ததுபோல் இருந்தது.

அம்மா லாரி அண்ணனைக் கூப்பிட்டார். “ஜீப்பை எடு. இவ சொல்ற இடத்துல நிறுத்து. எதுவும் கேக்காதே.”

“கேக்காம இருந்தா எனக்கு வயித்த வலிக்கும் அக்கா.”

“வலிக்கட்டும்.”

ஜீப் பாலத்தைத் தாண்டியது. லாரி அண்ணன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு ஓட்டினார். ஆற்றங்கரைச் சாலை பிரியும் பஸ் ஸ்டாப்பில் நிறுத்தச் சொன்னாள் கடுகு.

“இங்கயே இருங்கண்ணா. உள்ள வராதீங்க.”

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். தலையை மட்டும் ஆட்டினார்.

கடுகு ஓடினாள். இரும்புக் கதவைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். விசில்தான் திறந்தான். கையில் பாதி கடித்த பிஸ்கட்.

“சனிக்கிழமைகூட வீட்டுப்பாடம் கேக்க வந்துட்டியா?”

“விசில், சட்டையை மாட்டு. இன்ஹேலரை எடு. இன்னும் கொஞ்ச நேரத்துல இந்த ஃபேக்டரி பூரா புகையா இருக்கும்.”

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பேச்சுச் சத்தத்தில் உள்ளே படுத்திருந்த அப்பா எழுந்து வந்தார். கலைந்த தலை, சிவந்த கண். கடுகைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“யாருடா இது? யார்கிட்ட சொன்னே?”

“அவன் சொல்லல அங்கிள். நானே பாத்தது. நானும் யார்கிட்டயும் சொல்லல. எங்க அம்மாகிட்டகூட.”

“உங்க அம்மா யாரு?”

“இன்னைக்குக் காட்டுக்குத் தீ வைக்கப் போறவங்க. இந்தக் கட்டடத்துல ஆள் இல்லன்னு நினைச்சுட்டாங்க. புகை நேரா இங்கதான் வரும். நான் ‘இல்லை’ன்னு சொன்னேன். நிறுத்திட்டாங்க.”

“நீ சொன்னதும் நிறுத்திட்டாங்களா?”

“ஆமா. பதினெட்டு பேர் உக்காந்துட்டிருக்காங்க.”

“ஏன்னு கேக்கலையா?”

“ஆபத்தான்னு கேட்டாங்க. ஆமான்னேன். யாருக்குன்னு கேட்டாங்க. சத்தியம் பண்ணியிருக்கேன்னு சொன்னேன். அதுக்கு மேல கேக்கல.”

அவர் தலையைச் சொறிந்தார். “நாங்க இங்கிருந்து வெளிய வர்றதை அந்த ஜீப்காரர் பாத்தா முதலாளி காதுக்குப் போயிடுமேம்மா.”

கடுகு வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள்.

“நீங்க ரெண்டு பேரும் பின்பக்கமா ஆத்தங்கரை வழியா நடந்து பஸ் ஸ்டாப்புக்கு வந்துடுங்க. பஸ் ஸ்டாப்புல நிக்கறவங்க எங்கிருந்து வந்தாங்கன்னு யாருக்குத் தெரியும்?”

“நூலகத்துல விலாசம் கேப்பாங்களே?”

“கேக்க மாட்டாங்க. மூச்சு நல்லா வருதான்னு மட்டும்தான் கேப்பாங்க.”

விசிலின் அப்பா மகனைப் பார்த்தார். “உன் சிநேகிதிக்கு மூளை எத்தனை கிலோடா?” என்று கேட்டுக்கொண்டே சட்டையைத் தேடப் போனார்.

“ஆள்தான் அப்பா கடுகு” என்றான் விசில்.

பத்து நிமிடத்தில் மூன்று பேரும் ஜீப்பில் இருந்தார்கள். லாரி அண்ணன் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். யார், எந்த ஊர், எந்தத் தெரு, ஏன், எதற்கு என்று அவர் முகத்தில் கேள்விகள் வரிசை கட்டி நின்றன. அத்தனையையும் விழுங்கிவிட்டுக் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“சாப்டீங்களா?”

நூலகத்தின் மாடிக் கூடத்தில் முப்பது பேர் போல இருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண், பேப்பர் படித்துக்கொண்டிருந்த தபால்காரர், ஏற்கெனவே சீட்டாட்டம் தொடங்கிவிட்ட நான்கு தாத்தாக்கள். வாசலில் நின்ற நர்ஸ் விசிலின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, “மூச்சு நல்லா வருதா?” என்று மட்டும் கேட்டார். கடுகு விசிலின் அப்பாவைப் பெருமையாகப் பார்த்தாள்.

அப்புறம் லாரி அண்ணனின் வாக்கி டாக்கியை வாங்கிப் பொத்தானை அழுத்தினாள்.

“அம்மா, இப்போ சரி.”

“நன்றி” என்றது அம்மாவின் குரல். “மணி பத்து அஞ்சு. எல்லாரும் எழுந்திருங்க.”

லாரி அண்ணன் வாக்கி டாக்கியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். அவர் போய்ச் சேர்ந்ததும் அம்மா விட்ட இடத்திலிருந்து தொடங்கவில்லை. முதல் ஆளிலிருந்து பதினெட்டுப் பேரிடமும் மறுபடி கேட்டார். அத்தனை பேரும் மறுபடி “சரி” என்றார்கள்.

நூலகத்தின் மாடி ஜன்னலிலிருந்து ஆறும் பாலமும் காடும் தெரிந்தன. கடுகும் விசிலும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். விசிலின் அப்பா பின்னால் நின்றார்.

பத்தே முக்காலுக்குக் காட்டின் ஓரத்தில் மஞ்சள் சட்டைகள் தெரிந்தன.

“முதல்ல ரெண்டு பேர் தட்டைத் தட்டிக்கிட்டே உள்ள போய் வருவாங்க” என்றாள் கடுகு. “முயல், ஆமை, பறவை எல்லாம் கிளம்பிப் போறதுக்கு. ஒரு பக்கம் தீ வைக்காம வழி விட்டு வைப்பாங்க. அப்புறம் ஒரு மூலையில கொஞ்சூண்டு வச்சுப் பாப்பாங்க. நாம நினைச்ச மாதிரி எரிஞ்சாத்தான் மத்தது.”

அவள் சொன்னபடியே நடந்தது. மூலையில் ஒரு சின்னப் புகை எழுந்தது. எல்லோரும் நின்று பார்த்தார்கள். பிறகு இரண்டு பேர் மூக்கு நீண்ட கெண்டி போன்ற கேனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கோட்டோரமாக நடந்தார்கள். நடந்த வழியெல்லாம் தீ சொட்டுச் சொட்டாக விழுந்து ஒரு கோடாக நீண்டது.

“ஓடிப்போய்ப் பரவலையே! நடக்கக்கூட இல்ல, தவழுது” என்றான் விசில்.

“காத்துக்கு எதிரா வச்சிருக்காங்க. அதான் மெதுவாப் போகுது. பாரு, கணுக்கால் உயரம்தான்.”

தீ சருகைத் தின்றுகொண்டே காற்றை எதிர்த்து மெல்ல மெல்ல நகர்ந்தது. மரங்கள் அசையாமல் நின்றன. மீசை மாமா தீத்தடுப்புக் கோட்டில் இங்கும் அங்கும் நடந்து, தெறிக்கும் பொறியை மண்வெட்டியால் தட்டி அணைத்தார். அம்மா ஒரு மேட்டில் நின்று கையைத் தூக்கினார். எல்லோரும் நின்றார்கள். கையை இறக்கினார். எல்லோரும் நடந்தார்கள். அவ்வளவு பெரிய நெருப்பும் அம்மாவின் கைக்குக் கட்டுப்பட்டது. கடுகுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இது என் அம்மா என்று அந்தக் கூடத்தில் இருந்த எல்லோரிடமும் சொல்லத் தோன்றியது. நான்கு தாத்தாக்களிடம் போய்ச் சொல்லியும்விட்டாள்.

அவள் திரும்பி வந்தபோது புகை எழும்பியிருந்தது. ஊர்ப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அம்மா விரலால் கோடு இழுத்த அதே வழியில், பாலத்தைத் தாண்டி, ஆற்றங்கரைச் சாலையின் மேல் வெள்ளையாகப் போயிற்று. ஐஸ் ஃபேக்டரியின் சுவர் மறைந்தது. ஜன்னல்கள் மறைந்தன. கூரை மறைந்தது. கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு கட்டடம் இருப்பதே தெரியவில்லை.

விசிலின் அப்பா மகன் தோளில் கை வைத்தார். அந்தக் கையை அவர் வெகுநேரம் எடுக்கவே இல்லை.

“அங்கதான் தூங்கிட்டிருந்திருப்பேன்” என்றார் மெதுவாக. “கதவைச் சாத்திட்டு.”

நான்கு மணிக்குக் காற்று தெளிந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்று நர்ஸ் சொன்னார். விசிலின் அப்பா வீட்டுக்குப் போகவில்லை. “உங்க அம்மாவை நான் பாக்கணும்” என்றார் கடுகிடம்.

பாலத்தருகே ஜீப் நின்றது. எதிரே எரிந்து முடிந்த காடு. தரை கறுப்பு, மரங்கள் பச்சை. மஞ்சள் சட்டைக்காரர்கள் சிலர் கையுறையைக் கழற்றி, புறங்கையால் சாம்பலைத் தொட்டுத் தொட்டு எங்காவது சூடு மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கரி. கடுகைப் பார்த்ததும் சிரித்தார். பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

“மேடம்” என்றார் விசிலின் அப்பா. தொண்டையைச் செருமிக்கொண்டார். “உங்க வரைபடத்துல ஒரு இடம் தப்பா இருக்குங்க. அந்த ஐஸ் ஃபேக்டரி காலி இல்ல. நாங்க மூணு பேர் இருக்கோம். இவன் என் மகன்.”

கடுகு அவரை நிமிர்ந்து பார்த்தாள். விசிலும் பார்த்தான். “அப்பா, சொல்லக் கூடாதுன்னு…”

“அவங்க காரணமே கேக்காம நிறுத்தினாங்கடா. நாம காரணத்தைச் சொல்றதுதான் முறை.”

அம்மா தண்ணீர்ப் புட்டியைக் கீழே வைத்தார். விசிலின் நெஞ்சையும் அவன் கையிலிருந்த நீல இன்ஹேலரையும் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

“தப்பு எங்களோடதுங்க” என்றார். “முன்பக்கம் பூட்டு தொங்கறதைப் பாத்துட்டு, பின்பக்கம் போய்க்கூடப் பாக்காம ‘காலி’ன்னு எழுதிட்டோம். மன்னிச்சிடுங்க.”

அம்மா இப்படி ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டு கடுகு பார்த்ததில்லை.

“முதலாளிக்குத் தெரிஞ்சா…” என்று இழுத்தார் விசிலின் அப்பா.

“இந்த வரைபடம் புகைக்காக மட்டும்தான். எங்க அணியைவிட்டு வெளிய போகாது. ஆனா அடுத்த தடவை தீ வைக்கறதுக்கு முன்னாடி முதல் ஃபோன் உங்களுக்குத்தான் வரும்.”

அம்மா சிவப்புப் பேனாவை எடுத்து வரைபடத்தில் அந்தச் சாம்பல் கட்டத்தைச் சிவப்பாக்கினார். பிறகு மீசை மாமாவைக் கூப்பிட்டார்.

“நாளைக்கு இந்தப் பக்கம் பூரா கதவு தட்டணும்.”

“பூட்டு தொங்கற கதவையுமா அக்கா?”

“அதைத்தான் முதல்ல.”

மீசை மாமா கடுகை ஒரு பார்வை பார்த்தார். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “பாப்பா, காலையில அவசரப்பட்டுட்டேன். நாளைக்கு என்கூட வர்றியா? ஆள் இருக்கற இடம் எனக்குத் தெரிய மாட்டேங்குது.”

“விசிலும் வருவான்” என்றாள் கடுகு.

மறுநாள் காலை மூன்று பேரும் ஆற்றங்கரைச் சாலையில் இறங்கினார்கள். சாம்பல் நிறத்தில் குறித்திருந்த மற்றப் பதினொரு கட்டடங்களையும் முன்பக்கம், பின்பக்கம் என்று சுற்றிச் சுற்றி வந்து தட்டினார்கள்.

இரண்டு கதவுகள் உள்ளேயிருந்து திறந்தன.